அறுபத்து மூன்றாவது வீடு

ஒருவரைத் தேடுகிறோம், கிடைக்கவில்லை. "கிடைக்கவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடுவது எந்த நாளில் சரியாகும்? பத்து நாள் தேடிய பிறகா, ஒரு மாதம் தேடிய பிறகா? பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தேன். விடுபட்ட தரவுகளை என்ன செய்வது என்று ஒரு பாடமே இருந்தது, அதில் நல்ல புள்ளியும் எடுத்தேன். ஆனால் இந்தக் கேள்வி அந்தப் பாடத்தில் வந்ததாக நினைவில்லை. வந்திருக்கவும் கூடும். நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

கண்டி நகரில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு குறுக்குத் தெருவில் இருக்கும் மருத்துவ உபகரணக் கடை ஒன்றுக்கு நான் கணக்கு அட்டவணைகள் தயாரித்துக் கொடுக்கிறேன். வேலை வீட்டிலிருந்துதான். வீடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம், ஒரு சிங்களக் குடும்பத்தின் மேல்மாடி. கணவருக்கு அரச வேலை. கண்டியில் இருந்த அவரை வவுனியாவுக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். இது இரண்டாவது வருடம். மகளுக்கு இரண்டரை வயது, அடிக்கடி இழுப்பு வரும். அவளைப் பார்க்கும் வைத்தியர் கண்டியில் இருப்பதால் நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கணவர் வருவார். மற்ற நாட்களில், கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லும் நாலைந்து சிங்கள வாக்கியங்களைத் தவிர, நான் வாய் திறந்து பேசுவது மகளோடு மட்டும்தான். அவளுடைய பாதிச் சொற்கள் எனக்கே விளங்குவதில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. மூச்சுத் திணறும் பிள்ளைகளுக்கு மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் நெபுலைசர் மெஷின் ஒன்றை அந்தக் கடை விற்கிறது. அதில் ஒரு தொகுதி மெஷின்களோடு வந்த அடப்டர், அதாவது சுவரில் செருகும் கறுப்புப் பெட்டி, அளவுக்கு மீறிச் சூடாகிறதாம். எங்கோ ஒரு வீட்டில் கட்டில் விரிப்புக் கருகியிருக்கிறது. வாங்கிய எல்லோரையும் தேடிப் பிடித்து அடப்டரை மாற்றிக் கொடுக்க வேண்டும், யாருக்கு மாற்றியது என்ற பட்டியலை அனுப்பவும் வேண்டும் என்று இறக்குமதி செய்தவர்கள் எழுதியிருந்தார்கள்.

கடிதத்தை வாசித்ததும் எழுந்துபோய் எங்கள் மெஷினைப் பார்த்தேன். நாங்களும் அந்தக் கடையில்தான் வாங்கியிருந்தோம். அடியில் இருந்த இலக்கம் கடிதத்தில் இருந்த அதே தொகுதி. அடப்டர் சுடுவது எனக்கு முன்பே தெரியும். மின்சாரச் சாமான் என்றால் கொஞ்சம் சுடத்தான் செய்யும் என்று நினைத்து, மகளின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் தினமும் பாவித்திருக்கிறேன். அன்று காலை முழுவதும் நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. தலையணை உறையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன்.

கடையிடம் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று விற்பனைக் கோப்பு: பில் இலக்கம், திகதி, என்ன சாமான், வாங்கியவரின் தொலைபேசி இலக்கம். மற்றது வாடிக்கையாளர் கோப்பு: தொலைபேசி இலக்கம், பெயர், ஊர். உத்தரவாத அட்டையில் கிழித்து வைக்கும் துண்டுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்தது. விற்பனைக் கோப்பில் ஆளின் பெயர் இல்லை. வாடிக்கையாளர் கோப்பில் என்ன வாங்கினார் என்பது இல்லை. இரண்டையும் தொலைபேசி இலக்கத்தை வைத்து இணைத்தால்தான் யார் வீட்டில் அந்த மெஷின் இருக்கிறது என்று தெரியும்.

இணைப்பதற்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும் என்று படித்தவள் நான். வாடிக்கையாளர் கோப்பில் சில இலக்கங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஓர் இலக்கம் என்றால் ஓர் ஆள். முதலில் வந்த வரியை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினேன். நீக்கிய கோப்பைப் பழைய பெயரிலேயே சேமித்தேன். பிறகு இணைத்தேன். இரு பக்கமும் ஒரே இலக்கம் இருந்தால் கணினி இரண்டு வரியையும் சேர்த்துவிடும். இல்லாவிட்டால் அந்த வரியைத் தள்ளிவிடும். தள்ளிவிட்டேன் என்று அது சொல்லாது. தள்ளாதே, பொருந்தாததையும் வைத்திரு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியும். அன்று மகள் மேசைக்கடியில் இருந்து என் செருப்பை நக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்த பட்டியலை எடுத்துக்கொண்டேன்.

அதில் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினேன். காலையில் மகள் சாப்பிட்ட பிறகு சிலர், மத்தியானம் அவள் தூங்கும்போது சிலர். எந்த வங்கியிலிருந்து என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி வைத்தார்கள். ஒரு வயதானவர் தன் மனைவியின் மூச்சுத் திணறலைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். மனைவி இறந்து மூன்று மாதமாம், மெஷின் அலுமாரிக்குள் இருக்கிறதாம். அடப்டர் மாற்றத் தேவையில்லை என்றார். ஆனாலும் தொடர்ந்து பேசினார். நானும் வைக்கவில்லை. அந்த இரண்டு நாட்களில் பேசியதுபோல நான் அதற்கு முந்திய பல மாதங்களில் பேசியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஆபத்தைச் சொல்ல எடுத்த அழைப்புகளில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது சரியா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

பட்டியலில் ஒரு வரி எங்களுடையது. கணவரின் பெயர், கணவரின் இலக்கம். வேலை நேரத்தில் தெரியாத இலக்கத்தை அவர் எடுக்கமாட்டார். என் இடத்தில் வேறு யாராவது இருந்து அழைத்திருந்தால், அந்தத் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த அடப்டர் அப்படியே இருந்திருக்கும்.

இரண்டாம் நாள், ஒரே பெண்ணின் பெயர் ஐந்து வரிகளில் வந்தது. ஊர் மடுல்கெல்ல. தேயிலைத் தோட்டம். ஒருவர் ஏன் ஐந்து மெஷின் வாங்குகிறார் என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு நானே ஒரு விளக்கம் கட்டிக்கொண்டேன். அவர் தாதியாக இருப்பார், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குச் சேர்த்து வாங்கியிருப்பார் என்று. அழைத்தால் ஓர் ஆண் குரல். பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அந்தக்கா எம் பொண்டாட்டி இல்லீங்க மிஸ். அத மொதல்ல சொல்லிடுறேன். வீட்டுல காதுல விழுந்தா பிரச்சினை."

"அப்ப இது அவவின்ர நம்பர் இல்லையா?"

"என் நம்பர்ங்க. நான் த்ரீவீல் ஓட்டுறவன். தோட்டத்துலேருந்து கண்டிக்கு ஆளுங்கள கூட்டிட்டு வாறது நான்தான். கடையில நம்பர் கேட்டா எல்லாரும் என் நம்பரத்தான் குடுப்பாங்க. லயத்து வீடுகள்ல சிக்னல் கெடையாது. சிக்னல் இருக்கிற எடத்துல நாள் முழுக்க நிக்கிறவன் நான் ஒருத்தன்தானே."

அந்தப் பெண் ஐந்து மெஷின் வாங்கியதாக இருக்கிறதே என்றேன்.

"அஞ்சா? அவங்களுக்கு ஒரு புள்ளதாங்க. அதுக்கும் ஒரு மூக்குதான்." சிரித்தார். பிறகு கேட்டார்: "என் நம்பருக்கு நேரா எத்தன பேரு எழுதி வச்சிருக்கீங்க மிஸ்?"

"ஒரு பேர்தான்."

"அப்ப மத்த நாலு வீடு?"

திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். மற்ற நாலு வீட்டையும் நீக்கியது நான்தான். கடைப் பையன்களோ கணினியோ அல்ல. சுத்தம் செய்கிறேன் என்று நான் நீக்கினேன். மிஞ்சிய ஒரே பெயரைத்தான் கணினி ஐந்து பில்லுக்கும் ஒட்டியிருக்கிறது, அழித்ததைத் திரும்ப எடுக்கப் பழைய கோப்பும் இல்லை.

அதற்குப் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எண்ணிப் பார்த்தேன். அந்தத் தொகுதியில் விற்றது அறுபத்து மூன்று. என் பட்டியலில் இருந்தது ஐம்பத்திரண்டு வரி. பதினொரு பில்களில் தொலைபேசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. வெறுமை எதோடும் பொருந்தாது. ஆகவே அந்தப் பதினொரு வீடுகளும் இணைப்பில் விழுந்துவிட்டன. இரண்டு நாளாக நான் முழுப் பட்டியலையும் அழைக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். முதலாளி அலவத்துகொடக்காரர், ஐம்பது தாண்டியவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நடந்ததைச் சொன்னேன். அவர் மகளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"நாலு பேரத் தொலச்சிட்டீங்களா? அப்ப நீங்களும் எங்கட ஆள்தான். நான் முப்பது வருஷமா இந்தக் கடையில தப்புச் செஞ்சிக்கொண்டுதான் ஈக்கன்."

"பில்லில நம்பர் ஏன் போடாமல் விட்டவை?"

"ஆக்கள் குடுக்க மாட்டாங்க தங்கச்சி. குடுத்தா விளம்பரம் வருமெண்டு பயம். இல்லாட்டி பஸ்ஸுக்கு அவசரம். அவசரத்துல வாறவங்கள நிப்பாட்டி நம்பர் கேட்டா, பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க." உள்ளே போய் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்தார். "இந்தா ஈக்கு. வொரண்டித் துண்டு எல்லாம் இதுக்குள்ளதான். நான் ஒண்டையும் வீசினதில்ல. பொஞ்சாதி ஏசுவா, வீசினதில்ல."

கடையின் பின்னறையில், சக்கர நாற்காலிகளுக்கும் ஊன்றுகோல் கட்டுகளுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பிரித்தேன். மகள் ஒரு ஊன்றுகோலைக் குழந்தையாக்கித் தாலாட்டிக்கொண்டிருந்தாள். த்ரீவீல்காரரின் இலக்கத்தோடு ஐந்து துண்டுகள், ஐந்து வேறு பெயர்கள். பெயர்களைத் தொலைபேசியில் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் வீட்டைச் சொன்னார்: மேல் லயத்தில் கடைசி வீடு, கோயிலுக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அன்றைக்கே வந்து ஐந்து அடப்டரையும் வாங்கிக்கொண்டு போனார். மாலையில் அழைத்தார்.

"குடுத்துட்டேன் மிஸ். அஞ்சையும். ஒரு வீட்டுல பாருங்க, அது சுடுதுன்னு ஈரத்துணி சுத்தி வச்சிருந்தாங்க. கரண்டு போற சாமானுக்கு. நல்ல வேள, நான் போய்ப் பார்த்தேன்."

அது எந்த வீடு என்று கேட்டேன். நான் நீக்கிய நாலில் ஒன்று. என் சுத்தமான பட்டியலின்படி அந்த வீடே இல்லை. அந்த இரண்டு நாளில் அவர்கள் அந்த ஈரத்துணியை எத்தனை முறை நனைத்திருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

வெறுமையாக இருந்த பதினொன்றையும் தேட வேறு வழி கண்டுபிடித்தேன். பெட்டியில் அந்த மெஷினுக்கான துண்டுகளை எல்லாம் எடுத்து, ஏற்கெனவே ஆள் கிடைத்தவற்றை ஒதுக்கினேன். மிஞ்சியவை பத்து. அவற்றில் இலக்கம் இல்லாவிட்டாலும் பெயரும் ஊரும் இருந்தன. அலவத்துகொட ஆட்கள் நாலு பேர். "அது என்ட பொறுப்பு" என்று முதலாளி எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பள்ளிவாசலில் சொன்னாராம், மாலைக்குள் நாலு பேரும் வந்துவிட்டார்கள். மற்ற ஆறு பேருக்கும் கடிதம் எழுதினேன். தபால்காரருக்கு விளங்க வேண்டும் என்று விலாசத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். இரண்டு வாரத்துக்குள் ஆறும் சரி. முதலில் தொலைபேசியை வைத்துவிட்டவர்களையும் அதற்குள் திரும்ப அழைத்து முடித்திருந்தேன்.

அறுபத்திரண்டு. கடைசி ஒன்றுக்குத் துண்டு இல்லை. வாங்கியவர் அட்டையைக் கிழிக்காமல் முழுதாகவே கொண்டு போயிருக்கிறார். பில்லில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு சனிக்கிழமை, பின்னேரம், மெஷின் ஒன்று, தனியாக ஒரு முகமூடி. அந்த முகமூடி கைக்குழந்தைகளுக்கானது, இருப்பதில் சிறியது.

முதலாளி நெற்றியைத் தடவித் தடவி யோசித்தார். "ஒரு பொம்பள. புள்ள தோள்ல தூங்கிக்கொண்டு ஈந்த. தமிழ்லதான் பேசின. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுல புசல்லாவ பஸ் வெளிக்கிடப் போகுதெண்டு அவசரப்பட்டா. சில்லற மிச்சத்தக்கூட எண்ணாமப் போன."

"அதே சனிக்கிழமையா? நிச்சயமா?"

"நிச்சயமெண்டு சொல்ல ஏலா தங்கச்சி. சனிக்கிழமையில எல்லாரும் அவசரந்தான்."

அந்த நிச்சயமில்லாத ஞாபகத்தை நம்பி, ஒரு செவ்வாய்க்கிழமை மகளோடு புசல்லாவை பஸ்ஸில் ஏறினேன். கம்பளை தாண்டிய வளைவுகளில் மகள் என் சேலையில் வாந்தி எடுத்தாள். புசல்லாவையில் மருந்துக்கடை ஒன்றில் அறிவித்தல் ஒட்டலாமா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் வாசித்துப் பார்த்தார்.

"எத்தன மாசக் கொழந்தைங்க?"

"தெரியாது."

"அம்மா பேரு?"

"தெரியாது."

"எந்தத் தோட்டம்?"

"அதுவும் தெரியாது."

"அப்ப என்னதாங்க தெரியும் ஒங்களுக்கு?"

"முகமூடி சின்னது" என்றேன். அவர் மகளின் வாயைத் துடைக்க ஒரு பஞ்சுத் துண்டு தந்துவிட்டு, அறிவித்தலைக் கண்ணாடியில் தானே ஒட்டினார். இன்னும் நாலைந்து இடங்களில் ஒட்டினேன். பஸ் சாரதி ஒருவரிடம் ஒரு தாள் கொடுத்தேன். வாங்கி முன்கண்ணாடிக்குக் கீழே செருகிக்கொண்டார். அதன் பிறகு அது அங்கேயே இருந்ததா தெரியாது.

அறிவித்தலில் என் இலக்கம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த அழைப்புகள் மூன்று. ஒருவருடைய மெஷின் வேறு வகை. ஒருவர் மலிவாக ஒரு மெஷின் கிடைக்குமா என்று கேட்டார். மூன்றாவது, மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. ஈரக்கையோடு ஓடிவந்து பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. திரும்ப அழைத்தேன். அணைக்கப்பட்டிருந்தது. அன்றும் அடுத்த நாளும் அதற்கடுத்த வாரமும் அழைத்தேன். இன்றுவரை அணைக்கப்பட்டே இருக்கிறது.

இறக்குமதி செய்தவர்கள் கேட்கும் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் மூன்று சொற்களில் ஒன்றைத்தான் எழுதலாம்: மாற்றப்பட்டது, அறிவிக்கப்பட்டது, கிடைக்கவில்லை. வெறுமையாக விட முடியாது. பட்டியல் இந்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும், சேர்ந்ததும் மிஞ்சிய புது அடப்டரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். போன கிழமை முதலாளி சொன்னார்:

"அந்த மிஸ்கோல் அவவாத்தான் ஈக்கும். நோட்டீஸப் பார்த்து எடுத்திருப்பா. அப்ப விஷயம் தெரியுந்தானே. அறிவிக்கப்பட்டதெண்டு போடுங்க, தங்கச்சி. அறுபத்திரெண்டு பேர் வந்தீக்காங்க. கல்யாணத்துக்குச் சொன்னாலும் இத்தன பேர் வர மாட்டாங்க."

கணவரும் தொலைபேசியில் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்.

"நீர் பஸ் ஏறிப் போய் நோட்டீஸ் ஒட்டினீர். வேற ஆர் இவ்வளவு செய்வினம்? இனி விடும்."

"அது அவதான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா எதையாவது எழுதத்தானே வேணும்."

"ஓம்" என்றேன். எழுதவில்லை.

விடுபட்ட இடத்தில் நியாயமான ஊகத்தை நிரப்பலாம் என்று படித்திருக்கிறேன். சராசரிக்கு அது போதும். ஆனால் அந்தப் பெண் சராசரி இல்லை. மடுல்கெல்ல பெண் ஐந்து மெஷின் வாங்கிய தாதி என்பதும் என் நியாயமான ஊகம்தான். "அறிவிக்கப்பட்டது" என்று எழுதினால், இனி அவரை யாரும் தேடமாட்டார்கள். "கிடைக்கவில்லை" என்று எழுதினாலும் தேடமாட்டார்கள், ஆனால் அது பொய்யில்லை. எழுதாமல் வைத்திருந்தால் புது அடப்டர் கடையில் இருக்கும், ஆனால் மாதக் கடைசியில் கடைக்குத்தான் கெட்ட பெயர். மகளுக்கு ஆவி பிடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் எங்கள் புது அடப்டரைத் தொட்டுப் பார்க்கிறேன். அது சுடுவதில்லை. சுடாதது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

இதை வாசிப்பவர்களில் கம்பளைக்கும் புசல்லாவைக்கும் அப்பால், அந்த வீதியோரம் இருப்பவர்கள் இருப்பீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள், உங்கள் பக்கத்துப் பழக்கம் எனக்குத் தெரியாது. ஒரு சேதி தோட்டத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டுமென்றால் அங்கே யாரிடம் சொல்வீர்கள்? கோயிலிலா, பிள்ளை மடுவத்திலா, கொழுந்து நிறுக்கும் இடத்திலா, மாதக் கிளினிக்குக்கு வரும் மருத்துவிச்சியிடமா? நான் மருந்துக்கடையில் ஒட்டியது தவறான இடமா? அலுவலகங்களில் இப்படிப் பட்டியல் வைத்து வேலை செய்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: அந்தக் கட்டத்தில் நீங்களாக இருந்தால் எந்தச் சொல்லை எழுதுவீர்கள்? பத்திரிகையின் முகவரிக்கு எழுதினால் எனக்குக் கிடைக்கும். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.